வானொலி நெல்லும் நம் சொர்ணவாரியும்
(செங்கல்பட்டு உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தஞ்சைப் பகுதியில் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 தான் அது. 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலி நிலையம் அதன் சாகுபடி முறையை விடாமல் எடுத்துச் சொல்லிற்று. இரகத்தின் எண் மறந்தவர்களும் ரேடியோவில் சொன்ன நெல் என்று கேட்டு வாங்கினார்கள்.

இது தற்செயலாக நடந்ததன்று. 1966ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகளைத் தொடங்கியது. நாற்று விடும் வாரத்தில் விதை நேர்த்தி, தூர் கட்டும் வாரத்தில் மேலுரம் என்று பருவத்தை ஒட்டி நிகழ்ச்சிகள் அமைந்தன.

அதற்கும் முன்பே, 1956இல், புனே நிலையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் 150 கிராமங்களில் மக்கள் குழுவாகக் கூடி ஒலிபரப்பைக் கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதினார்கள். அவற்றுக்கு வானொலியிலேயே விடை வந்தது. என் கருத்தில், கேட்டதைவிட எழுதியதே பெரிய காரியம்.

ஏன் என்கிறீர்களா? தஞ்சையில் குறுவை, சம்பா, தாளடி. நமக்கோ சொர்ணவாரி, சம்பா, நவரை. அங்கே காவிரி; இங்கே மதுராந்தகம் போன்ற ஏரிகளும் கிணறுகளும். குறுவைக்குச் சொன்ன தேதியை நம் வயலில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. மாமல்லபுரம் கரையில் கட்டுமரம் இறக்குவோர்க்கு வேண்டியதோ காற்றெச்சரிக்கை. நம்மை நோக்கி ஒலிக்கும் சென்னை நிலையத்துக்கோ ஒரு பெருநகரமே நேயர். நாம் வாய் திறக்காவிட்டால் நம் பங்கு நேரம் குறைந்துபோகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1997 முதல் வானொலி பிரசார் பாரதியின் கீழ் இயங்கினாலும் அரசுப் பணத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. திட்டத்தைப் புகழ்வது அதற்கு எளிது. உரம் உரிய காலத்தில் வரவில்லை என்ற குறை, உழவர் வாய்மொழியாக வந்தால்தான் ஒலிபரப்பில் ஏறும்.

ஆகவே ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். ஊர், நீர் ஆதாரம், இரகம், நட்ட தேதி, பயிரில் கண்ட அறிகுறி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். 'பயிர் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் எந்த வல்லுநராலும் விடை சொல்ல முடியாது. பூச்சியோ நோயோ கண்ட அன்றே எழுதிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு வரும் விடையால் பயனில்லை.