இரட்டைக் கண்ணாடியும் தீச்சுடரும்



சித்திரை மாதத்து நண்பகலில் திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் வெறுங்காலுடன் ஏறியவர்களுக்கு வெப்பத்தைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லவேண்டுவதில்லை. பாறை பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கதிரவன் மறைந்த பின்னும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. கண்ணாடியின் இயல்பு வேறு. அது வெயிலின் பெரும்பகுதியை நேரே அறைக்குள் அனுப்பிவிடும். உள்ளே புகுந்த ஒளி சுவரிலும் தரையிலும் பட்டு வெப்பமாக மாறும். அவ்வாறு மாறிய வெப்பத்தின் நீண்ட அலைகளையோ கண்ணாடி நேரே வெளியே விடாது. வருபவனுக்குக் கதவைத் திறந்து, போகிறவனுக்கு அடைக்கும் காவற்காரன் அது. நம் முன்னோர் தாழ்ந்த இறவாரமும் சிறிய சன்னலும் வைத்து வீடு கட்டியது அறியாமையால் அன்று.

இக்காலத்துக் கட்டடங்களோ கண்ணாடியாலேயே எழுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் பெரிய கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று இயங்கி வருகிறது. 2004-இல் ஹைதராபாத்தில் திறக்கப்பட்ட பசுமைக் கட்டட மையத்தில் இரட்டைக் கண்ணாடிச் சாளரங்களைப் பொருத்தினர். ஆற்றல் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் நம் நாட்டில் வெளிவந்தது. ஆகவே இரட்டைக் கண்ணாடி இன்று நமக்கு அயலான பொருள் அன்று. கருத்தும் பழையதே; தாமஸ் ஸ்டெட்சன் என்னும் அமெரிக்கர் 1865-இலேயே இதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார்.

இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ இருக்கும். விளிம்பைச் சுற்றி ஓர் இடைச்சட்டம், அதனுள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள், வெளிப்புறம் பசை. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இதனோடு, ஒரு தகட்டின் முகத்தில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வெள்ளிப் பூச்சும் உண்டு. சாதாரணக் கண்ணாடியின் கதிர்வீசும் திறன் 100-க்கு 84 என்றால், பூசிய முகத்துக்கு அது 10-க்கும் குறைவு. வெந்நீர்ப் பிளாஸ்க்கின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுவதும் இக்காரணம் பற்றியே.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரும் சாலையை ஒட்டி எழுந்த ஒரு பயிற்சிக்கூடத்தின் பொறுப்பாளர், பணி முடியும் தறுவாயில் என்னை அழைத்திருந்தார். மேற்குப் பக்கத்தில் 22 சாளரங்கள். குளிர்பதனப் பொறி ஓடிக்கொண்டிருந்தும், சில சாளரங்களின் அருகில் மாலை வேளையில் மாணவர்கள் அமர இயலவில்லை. இறுதித் தவணைப் பணத்தை மறுநாள் கொடுக்கவேண்டும். கண்ணாடியே போலியானது என்பது அவர் ஐயம். தம் வேலையில் குறையே இல்லை என்பது பொருத்தியவர்களின் உறுதி.

அந்தி மயங்கியதும் அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பார்த்தோம். இரண்டு தகடுகளுக்கு நான்கு முகங்கள். எனவே நான்கு சுடர்கள் தெரிந்தன. மூன்று ஒரே நிறம்; ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தது. அதுவே பூச்சு உள்ள முகம். வெளியிலிருந்து எண்ணினால் அது இரண்டாம் முகமாக, அதாவது அறைக்குள் நிற்பவருக்கு மூன்றாம் சுடராக, இருத்தல் வேண்டும். 13 சாளரங்களில் அவ்வாறே இருந்தது. எஞ்சிய 9 சாளரங்களில் நிறம் மாறிய சுடர் நமக்கு இரண்டாவதாக நின்றது. கண்ணாடி போலி அன்று, முன்பின் மாறியிருந்தது.

இதனால் நேரும் கேடு யாது? பூச்சு இரண்டாம் முகத்தில் இருந்தால், வெயிலால் சூடேறுவது வெளித்தகடு. அச்சூடு உள்நோக்கிக் கதிர்வீச இயலாமல் வெளிக்காற்றோடு போய்விடும். பூச்சு மூன்றாம் முகத்தில் இருந்தாலோ, சூடேறுவது உள்தகடு; அது அறையையே காயவைக்கும். குளிர்நாடுகளில் இவ்வமைப்பே விரும்பத்தக்கது; அங்கே வெயிலுக்கு வரவேற்பு உண்டு.

ஒரு சிறு கணக்கும் பார்ப்போம். வெளியே 40 பாகை, உள்ளே 24 பாகை. ஒற்றைக் கண்ணாடி ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 5.7 வாட் வீதம் கடத்தும். 16 பாகைக்கு ஏறக்குறைய 91 வாட். பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியின் வீதம் 1.6 என்று கொண்டால் 26 வாட் மட்டுமே. ஆனால் மேற்குச் சுவரில் விழும் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி வழியாக அதில் 480 வாட் உள்ளே வரும். நம் நாட்டில் பெரும்பகை வெயிலே என்பது இதிலிருந்து விளங்கும். கண்ணாடியைத் திருப்பிவைத்தாலும் கடத்தும் வீதம் மாறாது. ஆகவே இரவில் அளந்து பார்ப்பவருக்குக் குறை தென்படாது. வெயிலைத் தடுக்கும் திறன்தான் குன்றும். என்னைக் கேட்டால், சாளரத்துக்கு வெளியே ஒரு நல்ல சாய்ப்பு இறக்கிய பிறகே இரட்டைக் கண்ணாடியைப் பற்றி எண்ணவேண்டும் என்பேன்.

வெளிப்பக்கம் இது என்று காட்டும் சீட்டு ஒவ்வொரு தகட்டிலும் ஒட்டியிருந்ததாம். கண்ணாடி அழுக்காகத் தோன்றுகிறதென்று, பொருத்துவதற்கு முன்பே ஓர் இளைஞர் அவற்றை உரித்துவிட்டார். சீட்டின் பொருளை அவருக்கு எவரும் சொல்லவில்லை. மெழுகுவத்தியைக் கையில் வாங்கி, ஒன்பது சாளரங்களையும் தாமே மறுமுறை எண்ணிப் பார்த்தவர் அவரே. வெளிப்பூச்சுப் பசை இன்னும் இடப்படாமையால், ஓரச்சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பொருத்துவது கடினமாயில்லை.

வேறு சில சோதனைகளும் உண்டு. எல்லாச் சன்னல்களையும் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, காற்றை வெளியேற்றும் விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஊதுவத்தியைச் சட்டத்தின் ஓரமாக நகர்த்துங்கள். புகை ஓரிடத்தில் அறைக்குள் வளைந்து வீசினால் அங்கே காற்று புகுகிறது என்பது பொருள். சட்டத்தின் அடிப்பள்ளத்தில் ஒரு குவளை நீர் ஊற்றினால் அது வெளிப்புறத் துளைகள் வழியே வடிந்துவிடவேண்டும். சுண்ணமோ சிமெண்டோ அத்துளைகளை அடைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீரில் ஊறும் விளிம்புப் பசை நெடுநாள் தாங்காது. அதனால்தான் தகடு சட்டத்தின்மேல் நேரே அமராமல் சிறு தாங்குகட்டைகளின்மேல் அமர்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரையை நெருங்க நெருங்க உப்புக்காற்று மிகும். அங்கே துருப்பிடிக்கும் இரும்புத் திருகுகள் உதவா.

காலையில் சாளரத்தின் வெளிமுகத்தில் பனி படிந்திருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதன் விளைவு அது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே, துணியால் துடைக்க முடியாத இடத்தில், மூட்டம் கண்டால் மட்டும் விளிம்பு உடைந்துவிட்டது என்று அறிக. அதனைச் செப்பனிட முயல்வது வீண். வேறு கண்ணாடிதான் போடவேண்டும்.