பாட்டு ஒரு சுமைதாங்கி

('துன்பத்தில் துவளும் நண்பனுக்குப் பெரிதும் துணை நிற்பது நாம் சொல்லும் சொல்லா? பகிரும் பாட்டா?' என்ற தலைப்பில் மேலநீலிதநல்லூரில் நடந்த பட்டிமன்றத்தில், 'பாட்டே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசிய நண்பர் கேட்டார்: "பாட்டு சோறு போடுமா? கஷ்டத்துல கிடக்கிறவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கய்யா!" நல்ல வார்த்தைதான். ஆனா நம்ம ஆளுங்க சொல்ற வார்த்தை எப்படி இருக்கு? ஆஸ்பத்திரியில ஒருத்தர் படுத்திருக்கார். பார்க்க வந்தவர் ஆரஞ்சுப் பழத்தை வச்சுட்டு ஆறுதல் சொல்றார்: "பயப்படாதீங்க அண்ணாச்சி, எங்க மாமாவுக்கும் இதே ஆபரேஷன், இதே டாக்டர்." இவர் ஆசையாக் கேட்டார்: "மாமா இப்ப எப்படி இருக்கார்?" "போன வாரந்தான் பதினாறாம் நாள் விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது!" (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. அறிவுரை சொல்பவன் எப்போதும் ஒரு படி மேலே நின்று சொல்கிறான். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிக்கிறான். விழுந்து கிடப்பவனுக்கு அது இன்னொரு அடி. பாட்டு அப்படி அல்ல. அது பக்கத்தில் வந்து உட்காருகிறது. "உனக்கு முன்னாலயும் ஒருத்தன் இப்படி அழுதிருக்கான்" என்று மட்டும் சொல்கிறது. 'நீ தனி ஆள் இல்லை' என்பதை விடப் பெரிய ஆறுதல் உண்டா?

அந்தக் காலத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பார்கள். பெரியவங்களுக்குத் தெரியும். தலைச்சுமையோடு வருகிறவர், பிறர் உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். அந்தக் கல் சுமையைக் குறைக்கவில்லை ஐயா; சுமக்கிற தெம்பைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல பாட்டின் வேலை அதுதான்.

இதற்குச் சாட்சி தேடி எங்கேயும் போக வேண்டாம். இதே சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காவடிச் சிந்து பாடினார். யாருக்காக? ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்தபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருப்பதற்காக. தோளில் காவடி, காலில் வெயில், காதில் தோழமையின் பாட்டு. 30 வயதுகூட நிறையாமல் மறைந்த கவிஞர் அவர். ஆனால் கூட நடந்தவருக்காக அவர் கட்டிய மெட்டுகள் இன்றும் காவடி தூக்குகிறவர்களோடு நடக்கின்றன. (கைதட்டல்)

"அது பக்தி, வாழ்க்கைக்கு உதவுமா?" என்று எதிரணி கேட்கும். வாழ்க்கைக்கே வருகிறேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் இளைஞர் பாட்டெழுதச் சென்னைக்குப் போனார். அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய்ப்பு. பல நாள் பட்டினி. 'இனி இந்த ஊரே வேண்டாம்' என்று மூட்டை கட்டும் மனநிலைக்கு வந்துவிட்டார். அந்த நேரத்தில் பின்னணிப் பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸ் அவரைச் சந்திக்கிறார். புத்தி சொன்னாரா? இல்லை. சமீபத்தில் தாம் பாடிய ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். 1962இல் ஸ்ரீதர் இயக்கிய படம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் எழுத்து. படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'சுமைதாங்கி'! (பலத்த கைதட்டல்) என்ன பாட்டு என்று நான் சொல்ல வேண்டாம், உங்க உதடு இப்பவே முணுமுணுக்குது.

கேட்ட இளைஞர் கட்டிய மூட்டையை அவிழ்த்தார். மறு வருஷம், 1963இல், 'கற்பகம்' வந்தது. அவர் பெயர் வாலி! 2013இல் கண் மூடும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பாட்டு சோறு போடுமா என்று கேட்டீர்களே எதிரணி நண்பரே, ஐம்பது வருஷம் போட்டதே ஐயா! (கைதட்டல்) பின்னாளில் கண்ணதாசனுக்குப் போட்டியாகப் பேசப்பட்டவரும் அவர்தான். அவரைச் சென்னையிலேயே தங்க வைத்தது கண்ணதாசன் பாட்டு. இதை மேடைக்கு மேடை நன்றியோடு சொன்னவர் வாலி.

ஒன்றைக் கவனியுங்கள். படம் பார்த்தவர் எத்தனையோ பேர். பாட்டு ரேடியோவிலும் வந்தது. ஆனால் வாலிக்கு அது உரிய நேரத்தில், ஒரு தோழர் வாயிலிருந்து கிடைத்தது. பாட்டு மருந்து என்றால், வேளை பார்த்துக் கொடுக்கிற கை நண்பனுடையது.

இன்றைக்கு நம்ம கையில செல்போன் இருக்கு. காலையில் கண் விழித்ததும் நாற்பது பேருக்கு ஒரே பாட்டை அனுப்புகிறோம். அது பகிர்வு அல்ல, நோட்டீஸ் விநியோகம்! (சிரிப்பு) அம்மாவை இழந்தவனுக்கு எந்தப் பாட்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு எந்தப் பாட்டு, மழை பொய்த்த கரிசல்காட்டுக்காரனுக்கு எந்தப் பாட்டு என்று யோசித்துத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். சில நேரம் சோகப் பாட்டுதான் சரி. அழ வேண்டியவனை அழ விடுவதும் நட்புதான். இழவு வீட்டில் நம் தாய்மார்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பது வேறு எதற்காக?

ஒரு எச்சரிக்கை. "வாழவே பிடிக்கலை" என்று நண்பன் சொன்னால், ஒரு பாட்டை அனுப்பிவிட்டு நீங்கள் தூங்கப் போகாதீர்கள். இடுப்பு வேட்டி நழுவினால் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அந்த வேகத்தில் நட்பு ஓட வேண்டும் என்றார் வள்ளுவர். நேரில் போங்க, பக்கத்துல உட்காருங்க, டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. பாட்டு கதவைத் திறக்கும். உள்ளே போக வேண்டியது நீங்கள்.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுடுறேன். நம்மைச் சுற்றி யாரோ ஒருவர் இப்போது மூட்டை கட்டிக்கொண்டிருக்கலாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவருக்கு ஒரு போன் போடுங்க. என்ன பேசுவதென்று தெரியவில்லையா? "உன் ஞாபகம் வந்துச்சுப்பா, இந்தப் பாட்டைக் கேளேன்" என்று சொல்லுங்கள், போதும். சொல் தயங்கி நிற்கிற வாசலிலும் உள்ளே நுழைவது பாட்டே, பாட்டே, பாட்டே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.