மாத்திரையை நிறுத்துறதுக்கு முன்னால



கணக்கு நோட்டோடதான் என்னைப் பார்த்திருப்பீங்க. இன்னைக்கு என் சொந்தக் கதையைச் சொல்றேன். இருபத்து மூணு வயசுல எனக்கு மனநோய் வந்தது. கொஞ்ச நாள் விடிய விடியப் பேச்சு, அப்புறம் மாசக்கணக்கா படுக்கை. லித்தியம் மாத்திரையில சரியாகி உப்பளத்து வேலைக்கும் போனேன். கல்யாணம் ஆகி உண்டானதும், "பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையைத் தூரப் போடு"ன்னு எங்க அத்தை சொன்னாவ. நல்லதுக்குத்தான் சொன்னாவ. ஒரே நாள்ல நிறுத்திட்டேன்.

அஞ்சாம் மாசம் நோய் திரும்பிட்டு. சோறு இறங்கல. ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாம ஆத்தங்கரையில போய் நின்னேன். மதினிதான் பின்னாலயே வந்து கையைப் பிடிச்சாவ.

டாக்டரம்மா திட்டல. "மாத்திரையிலயும் ஆபத்து உண்டு, நோயிலயும் ஆபத்து உண்டு. உனக்கு எது குறைச்சல்னு சேர்ந்து பார்ப்போம்"னாங்க. லித்தியத்தை மறுபடி ஆரம்பிச்சு, மாசாமாசம் ரத்தத்துல அளவு பார்த்தாங்க. பேறுகாலம் நெருங்க நெருங்க வாராவாரம். வெயில்ல வேர்த்து ஊத்தினாலோ, வாந்தி எடுத்தாலோ உடம்புல அந்த மருந்து ஏறிரும். கை நடுங்கும், நடை தள்ளாடும். உப்பளத்துல நிக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். வேலையை விட்டேன். பிள்ளைக்குப் புட்டிப்பால்தான், ஊரு பேசுச்சு, பேசட்டும்.

எல்லா மாத்திரையும் ஒண்ணு இல்ல. வால்புரோயேட்னு ஒண்ணு இருக்கு, வலிப்புக்கும் கொடுப்பாங்க. கர்ப்பத்துல அதைச் சாப்பிட்டா 100 பிள்ளைகள்ல 10 பிள்ளைக்கு உடம்புல குறை வரலாம். 30, 40 பிள்ளைக்கு வளர்ச்சியும் படிப்பும் பின்தங்கலாம். அதைச் சாப்பிடுற பெண்கள் உண்டாகுறதுக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கணும். தெரியாம உண்டாகிட்டாலும் தானா நிறுத்தாம, அன்னைக்கே போங்க. ஆனா மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலினை டாக்டர் பார்வையில கர்ப்பத்துலயும் பால் கொடுக்கும்போதும் நிறைய தாய்மார் சாப்பிடுறாங்க.

செவிலியரம்மா கர்ப்பத்தைப் பதியும்போது இந்த மாத்திரையையும் மறைக்காம சொல்லுங்க. ராத்திரியில மனசு தாங்கலைன்னா 14416-க்குப் போன் போடுங்க. 2022-ல வந்த அரசாங்க நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

என் மகன் நாலாம் வகுப்பு படிக்கான். போன வாரம் எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி மாத்திரை அட்டையை முந்தானையில முடிஞ்சு கொண்டுவந்து காட்டினா. மூணு மாசம். புதன்கிழமை காலையில அவளோட பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். இதே மாதிரி யார் இருந்தாலும் அன்னைக்கே சேர்ந்து போகலாம், வாங்க.