மலடி என்னும் சொல்



பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். ஆயினும், இன்று பேசப்புகும் பொருளை வகுப்பில் ஒருநாளும் மனம்விட்டுப் பேசியதில்லை. இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அக்கடனை இன்று ஓரளவேனும் தீர்க்க விழைகின்றேன்.

என் சிறு வயதில் அத்தை ஒருவர் பிறந்தகம் திரும்பி வந்தார். மணமாகி ஆறாண்டுகள் பிள்ளையில்லை என்பதே அவர் செய்த குற்றம். ஊர் அவருக்கு 'மலடி' என்று பெயரிட்டது. வளைகாப்பு நடக்கும் வீட்டில் அவர் வாசலோடு நின்று திரும்புவார். 1955ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தடுத்திருந்தும், அவர் கணவர் வேறொரு பெண்ணை மணந்தார். அப்பெண்ணுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அப்போதும் ஊர் என்ன சொல்லிற்று? "பாவம், அந்த மனிதருக்கு வாய்த்த இருவருமே மலடிகள்!" என்றது. 'மலடன்' என்னும் சொல்லும் தமிழில் உண்டு. அதை ஊர்வாயில் நான் கேட்டது அரிது.

அறிவியல் சொல்வது வேறு. 1677இல் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் நுண்ணோக்கியின் வழியே விந்தணுவைக் கண்டார். பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827இல் வான் பேயர் கண்டறிந்தார். இவ்விரண்டின் உட்கருக்களும் ஒன்று கூடுவதை 1876இல் ஹெர்ட்விக் என்பார் முட்கள் நிறைந்த கடலுயிர் ஒன்றின் முட்டையிலே கண்டு விளக்கினார். ஆக்கத்தில் இருவர்க்கும் பங்கு உண்டெனின், குறையும் இருவர்பாலும் இருக்கலாம் அன்றோ? பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து ஆணின் உடலிலும் காரணம் காணப்படுகிறது. கட்டுமத்தான உடல் விந்தணு வளத்துக்குச் சான்றாகாது, சோதனையே சான்று.

எல்லாப் பெண்களுக்கும் 14ஆம் நாளே கருவுறும் நாள் என்பர். அதுவும் பிழை. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னரே சினைமுட்டை வெளிப்படும். ஆகவே, மாதச் சுற்று நீண்டால் அந்நாளும் தள்ளிப்போகும். முட்டையின் ஆயுள் ஒரு நாளே. விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிர்த்திருக்கும். எனவே, கருவுறத்தக்க காலம் மாதத்தில் ஏறக்குறைய ஆறு நாட்கள்.

புகையிலை இருபாலார்க்கும் கேடு செய்யும். அதை இன்று விட்ட ஆண் நாளையே பயன் காணான். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும்.

மணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்பது நம் வழக்கம். மருத்துவர்களோ ஓராண்டு முயன்று பார்க்கச் சொல்கின்றனர். பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதம். அதன்பின் கணவன் மனைவி இருவருமே சோதனைக்குச் செல்லல் வேண்டும். உலகில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இத்துணைப் பொதுவான ஒன்றில் வெட்கத்துக்கு என்ன இடம்?

அத்தையின் மடியில் வளர்ந்தவன் நான். அவரைப் பழித்தவர் பலர். சோதித்த மருத்துவர் ஒருவரும் இலர். குறை அவரிடம் இருந்ததா என்பதே இறுதிவரை எவர்க்கும் தெரியாது. நாளை உங்கள் இல்லத்தில் ஒரு பெண்ணை அச்சொல்லால் எவரேனும் சுட்டினால், "இருவரும் மருத்துவரைக் கண்டீர்களா?" என்று கேளுங்கள். என் அத்தைக்காக அன்று அதைக் கேட்க ஒருவரும் இல்லை.