கடலோரத்து மரப்பட்டறை

தூத்துக்குடியில் வீட்டோடு ஒரு மரப்பட்டறை போட ஆசையா? இயந்திரம் வாங்கக் கிளம்பும் முன், தோணி வேலை செய்யும் ஆசாரிமார் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன மரத்தோணிகள் அவை. விலாச்சட்டத்துக்கு அவர்கள் நேர்மரத்தை வளைவாக அறுப்பதில்லை; இயல்பாகவே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலங்கட்டையைத் தேடி எடுப்பார்கள். இழை அறுபடாததால் வலு குறையாது. நம் நாற்காலிக் காலுக்கும் இதே கணக்குதான்.

இந்த ஊரில் பட்டறைக்கு எதிரி உப்புக்காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். உளியும் இழைப்புளியும் துருவேறும். மத்தியானக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கச் சன்னலை அடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

பலகையை நிழலில், இடையே ரீப்பர் கொடுத்து அடுக்கிக் காயவிட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது! வீடு இடிக்கும் இடத்தில் பழைய நிலை, கதவு கிடைக்கும். நன்றாகக் காய்ந்த மரம். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகு ரம்பத்தை வையுங்கள்.