மரத்த பாதமும் நெருக்கப்பட்ட நரம்பும்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர், சர்க்கரை வியாதியால் கால் மரத்துவிட்டது. நரம்பில் ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்குரிய உண்மையான பதிலை, எங்களைத் தாங்கிவரும் நீங்களும் அறியவேண்டும்.

உள்கணுக்காலுக்குப் பின்னால் குகைபோன்ற ஒரு குறுகிய வழி உண்டு. உள்ளங்காலுக்கு உணர்வு தரும் நரம்பு அதன் வழியாகவே செல்கிறது. சர்க்கரை வியாதியில் நரம்பு வீங்கினால், அந்த இடுக்கில் அது நெரிபடக்கூடும். நெருக்கும் பட்டையை வெட்டித் தளர்த்துவதே இந்த அறுவை சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் லீ டெல்லன் இதைப்பற்றி 1992-ல் எழுதினார். ஆனால் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2006-ல் அறிவித்தது.

ஆகவே இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. சர்க்கரையால் நரம்பே பழுதாகியிருந்தால் கத்தி அதைப் புதிதாக்காது. கணுக்காலில் தட்டும்போது பாதத்தில் சுரீரென்று பரவினால், அங்கே நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். அப்போதும் இரத்த ஓட்டத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

டாக்டர் பால் பிராண்டை நினைத்துப்பாருங்கள். 1946-ல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயாளரின் பாதங்கள் அழிவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமையே என்று கண்டார். 1966-ல் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். சர்க்கரை நோயாளரின் பாதங்களிலும் அதே புண்களைக் கண்டார். வலி இல்லாததால் அவர்கள் புண்ணின்மேலேயே நடந்தார்கள். மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைக் குறைத்தபோது புண்கள் ஆறின.

பிரியமானவர்களே, ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், மரத்த பாதத்துக்குக் கண்களே காவல். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு நடக்கவேண்டாம். செருப்பைப் போடுமுன் கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப்பாருங்கள். சிறு கொப்புளமானாலும் உடனே காட்டுங்கள்.

ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பும், நேரத்தில் போட்ட ஒரு கட்டும் ஒரு காலைக் காப்பாற்றக்கூடும். பெரிய ஆபரேஷனுக்குக் கொடுக்கும் அதே மனதோடு இந்தச் சிறிய தேவைகளுக்கும் கொடுங்கள். உங்கள் சபையில் கால் மரத்தவர் யாரேனும் இருந்தால், புண் வருமுன்னே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.