விடை தெரியாத ஒத்திகை



மோப்ப நாய்களுக்கு உண்மை நிலவரத்தை ஒத்த பயிற்சி என்றதும் புகை, வெடிச் சத்தம், ஆள்நெரிசல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும்தான். பளபளக்கும் தரையில் கால்வைக்கத் தயங்கும் நாயை விமான நிலையத்துக்கு அனுப்ப முடியுமா? ஆனால் இத்தனையும் அமைத்துவிட்டு, ஒளித்த சரக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நாயின் கையாளுநரின் காதில் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லிசா லிட்டும் சகாக்களும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 18 நாய்களும் அவற்றின் கையாளுநர்களும் ஒரு தேவாலயத்தின் நான்கு அறைகளில் தேடினார்கள். எங்கும் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும் என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 144 தேடல்களில் பிழையின்றி முடிந்தவை 21. தவறான அறிவிப்புகள் 225. நாயைக் கவர வைத்த சாசேஜையும் பந்தையும்விட, மனிதர் கண்ணுக்காக ஒட்டிய தாளே அதிகம் ஏமாற்றியது. நாய் உண்மையாகவே காட்டியதா, காட்டியதாகக் கையாளுநர் எண்ணிக்கொண்டாரா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பார்கள். இருக்கட்டும், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கையாளுநர் பிடிக்கும் வாரின் இறுக்கம், அவரது தளரும் நடை, ஓரிடத்தில் சற்றுக் கூடுதலாக நிற்பது – அவர் எதிர்பார்ப்பதை ஊகிக்க நாய்க்கு இவை போதும். பெர்லினில் கணக்குப் போட்டதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் குதிரை, கேள்வி கேட்பவரின் உடலசைவைப் பார்த்தே குளம்படியை நிறுத்தியது என்று ஆஸ்கார் புங்ஸ்ட் 1907இலேயே காட்டிவிட்டார். குதிரைக்கே அவ்வளவு கூர்மை என்றால், மனிதனோடு ஒட்டி வாழும் நாய்க்குக் கேட்க வேண்டுமா?

நீதிமன்றமும் பயிற்சியைத்தான் பார்க்கிறது. 2013இல் புளோரிடா எதிர் ஹாரிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாயின் நம்பகத்தன்மைக்குக் களப் பதிவேட்டைவிடக் கட்டுப்பாடான சூழலில் நடந்த பயிற்சியும் தேர்வுமே நல்ல சான்று என்றது. களத்தில் நாய் காட்டிய இடத்தில் எதுவும் சிக்காவிட்டாலும், முன்பு இருந்த பொருளின் வாசனை மிஞ்சியிருக்கலாம் அல்லவா? நியாயமான வாதம். ஆனால் அதனால் பாரம் முழுவதும் பயிற்சித் திடலின் தலையில் விழுகிறது.

ஆகவே ஒளித்துவைத்தவர் தேடும் இடத்தில் நிற்கக் கூடாது. உடனிருக்கும் யாருக்கும் விடை தெரியக் கூடாது. ஒன்றுமே இல்லாத தேடல்களும் அடிக்கடி வர வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாய் பரிசாகக் கிடைக்கும் பந்துக்காக உழைக்கிறது; வெறுங்கையோடு திரும்பத் திரும்ப அனுப்பினால் சோர்ந்துவிடும். முடிவில் வேறோர் இடத்தில் எளிய தேடல் ஒன்றைக் கொடுத்துப் பரிசளிக்கும் வழக்கம் நல்லது. கையாளுநரின் சோர்வுக்குத்தான் மருந்து குறைவு. "ஒன்றும் இல்லை, ஐயா" என்பவரைப் பார்த்து மேலதிகாரி முகம் சுளித்தால், அடுத்த முறை ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

வெற்றுத் தேடல்களை எந்த விகிதத்தில் கலப்பது என்பதே முதல் அமர்வின் பொருள். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.